மீராசாகிபின் சிறுநீரகம்

1

போன வெள்ளிக்கிழமை காலை, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த என் மகள் சட்டென்று நிறுத்தி வலது காதைப் பொத்திக்கொண்டாள்.

"வாப்பா, காதுக்குள்ள கீ எண்டு ஒரு சத்தம்."

என் வாய் தன்பாட்டில் ஸலவாத்துச் சொல்லிற்று. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

காது இரைந்தால் எங்கோ ஒருவர் நம்மை நினைக்கிறார், உடனே நபியவர்கள் மீது ஸலவாத்துச் சொல்ல வேண்டும். நான் பிறந்த இறக்காமத்தில் இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துப் படிப்பித்ததில்லை. நான் தங்கிப் படித்த கல்முனைக்குடியிலும் அப்படித்தான். தும்மினால் அல்ஹம்துலில்லாஹ் சொல்வதுபோல அதுவும் தானாக வரும். என் மகளுக்கு வரவில்லை. பால்பல் விழாத வயதில் இங்கே கொண்டுவந்தோம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் அரபு, வீட்டில் எங்களுக்காக இரக்கப்பட்டுக் கொஞ்சம் தமிழ்.

"அது ஒரு வருத்தம் வாப்பா. எங்கட டீச்சர் படிப்பிச்சவ. ஸலவாத்துக்குப் போகாது, டொக்டரிட்டப் போகணும்" என்றாள்.

என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன மருந்து குடிச்ச நீ? ஊசி ஏதும் போட்டாங்களா ஸ்கூல்ல?" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்துபோனாள். ஒன்றுமில்லை என்றாள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. நான்தான் அவள் காதருகே விரலைச் சொடுக்கிச் சொடுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அது ஏன் என்று அன்று மகளுக்குச் சொன்னேன். முழுவதையும் சொல்லவில்லை. மிச்சத்தை ஊரிலிருக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

சவூதியின் நடுவில், எந்தப் பக்கம் ஒரு பகல் முழுக்க ஓடினாலும் கடலைக் காண முடியாத ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளராக இருக்கிறேன். டொக்டர்கள் எகிப்தியர், நேர்ஸ்மார் பிலிப்பைன்காரர், துப்புரவாளர்கள் எங்கள் நாட்டவர். அதனால் மருந்து கொடுப்பதோடு, தமிழில் முனகுகிற நோயாளி எவர் வந்தாலும் மொழிபெயர்க்கிற வேலையும் என் தலையில்.

எண்பத்துநான்கில் ஒரு நாள் அப்படி ஒருவர் வந்தார். கட்டட வேலை முகாமொன்றின் காவல்காரர். நல்ல காய்ச்சல், நடுக்கம், சிறுநீரில் கிருமி, அது இரத்தத்துக்கும் ஏறியிருந்தது. கடவுச்சீட்டில் பெயர் மீராசாகிபு, ஊர் கல்முனை, வயது முப்பத்தாறு. பதிவு மேசையிலிருந்தவன் 'மீரா' என்பதை மட்டும் வாசித்து அவரைப் பெண்கள் வார்ட்டுக்கு அனுப்பப் பார்த்தான். தாடியைக் காட்டித்தான் ஆண்கள் வார்ட்டில் கட்டில் வாங்கினோம்.

எனக்கு அப்போது நாற்பது நடந்தது. கடதாசிப்படி அவர் எனக்கு இளையவர். தம்பி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கட்டிலருகே போனதும் என் நாக்கு, அண்ணனைக் கூப்பிடுவதுபோல, "என்ன காக்கா, எப்படி இரிக்கு?" என்றது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மனிதர் திடுக்கிட்டு, எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். காய்ச்சல் மயக்கம் என்று நினைத்தேன்.

அந்தக் கிருமிக்கு எங்களிடமிருந்த மருந்துகளில் ஜென்டமைசின்தான் கேட்டது. நல்ல மருந்து, ஆனால் பொல்லாத மருந்து. உடம்பைவிட்டுப் போக அதற்குச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி. சிறுநீரகம் மந்தமென்றால் உள்ளே தேங்கும். தேங்கினால் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உட்காதையும் கெடுக்கும். வடிச்சல் அடைபட்டுக் கிடக்கும்போது மதகை முழுக்கத் திறந்தால் வயலுக்கு என்ன நடக்கும் என்று வயல்காரனான இறக்காமத்தானுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆகவே ஊசியின் அளவைத் தீர்மானிக்குமுன் ஒரு கணக்குப் போடுவோம். வயது, நிறை, இரத்தத்தில் தங்கியிருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு, இந்த மூன்றையும் வைத்தால் சிறுநீரகம் எவ்வளவு சுறுசுறுப்பு என்று தெரியும். வயது கூடினால் விடை இறங்கும். இவரைப்போல மெலிந்த ஆட்களில் கிரியேட்டினின் நல்ல பிள்ளைபோல அடக்கமாக இருக்கும். அங்கே வயதுதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். டொக்டர் போட்டார், நான் சரிபார்த்தேன். முப்பத்தாறு வயதுச் சிறுநீரகத்துக்கு அந்த அளவு மிகச் சரி.

3

காய்ச்சல் மெல்ல இறங்கியது, ஆனால் முழுதாக விடவில்லை. வார்ட்டிலிருந்த பிலிப்பைன் நேர்ஸ் ஒருத்தி என்னிடம் அவரைப் புகழ்ந்தாள். "உங்கள் நாட்டவர் மிக நல்ல நோயாளி. ஒரு முறைப்பாடு கிடையாது. எந்நேரமும் பிரார்த்தனைதான்."

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவரைப் பார்க்கப் போனேன். மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டேன். ஸலவாத்து. ஒன்று முடிய இன்னொன்று, மூச்சு விட மட்டும் இடைவெளி.

"என்ன காக்கா, ஒரே ஓதிட்டு இரிக்கீங்களாம்?"

"மறுகா என்ன செய்யிற தம்பி? காது இரையிதே."

"எந்தக் காது?"

"ரெண்டும்தான். முந்தி விட்டுவிட்டு இரைஞ்சிச்சு. இப்ப விடுறல்ல. கடல் இரையிறாப்போல இரிக்கு. ஊருல ஆரோ விடாம நினைக்கிறாங்க. அல்லாஹ்ட கிருபை, நம்மளையும் நினைக்க ஆக்கள் இரிக்காங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தப் பாலைவனத்தில் காது இரைவதைப் பற்றி நம் பேச்சில் ஒருவர் சொல்லக் கேட்டு எத்தனை காலம். பிறகுதான் ஊசி மருந்தின் நினைவு வந்தது: உட்காதையும் கெடுக்கும். நேர்ஸ்மார் அவரிடம் வலியா, வாந்தியா என்று சைகையில் கேட்டிருப்பார்கள். அவர் இல்லை என்று தலையாட்டியிருப்பார். பரக்கத்து வந்து இறங்கியிருக்கிறது என்று நினைக்கிற மனிதன் அதை எப்படி முறைப்பாடாகச் சொல்வான்?

"தலை சுத்துதா காக்கா?"

"சுத்துறல்ல. எழும்பினா தோணிக்குள்ள நிக்கிறாப்போல ஆடுது. பழக்கம்தானே. கால அகட்டி வச்சா விழமாட்டன்."

தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்ய அவர் எழும்பி நடந்ததைப் பார்த்தேன். பளிங்குத் தரையில் அலைக்கு ஈடுகொடுத்து நடந்தார். ஒரு அலை ஏறினால் முழங்காலை மடித்தார், இறங்கினால் நிமிர்ந்தார். நான் கடலில் கால் நனைக்கவே பயப்படுகிற வயல் ஊர்க்காரன். எனக்கே ஒரு கணம் தரை சரிவதுபோல இருந்தது.

4

டொக்டரிடம் ஓடினேன். அவர் கோப்பை இரண்டு தரம் பார்த்தார்.

"முப்பத்தாறு வயது. இந்த அளவு இவருக்குத் தாங்கும். காய்ச்சல் இன்னும் அடங்கவில்லை. இப்போது குறைத்தால் கிருமி திரும்ப எழும்பும், ஆள் போய்விடுவார். காது இரைச்சல் காய்ச்சலிலும் வரும்."

அவர் சொன்னது பிழையில்லை. கூட்டினால் சிறுநீரகமும் காதும் போகும், காரணமில்லாமல் குறைத்தால் உயிர் போகும். நானும் திரும்பக் கணக்குப் போட்டேன். அதே விடை. கடதாசியில் எல்லாம் சரியாக இருந்தது, கட்டிலில்தான் பிழையாக இருந்தது. அடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியுமிருந்தது.

மறுநாள் அதே அஸர் நேரம் நான் அவர் பக்கத்தில் இருந்தேன். நேர்ஸ் ஊசித் தட்டோடு வாசலில் வந்து நின்று, வழக்கம்போல, "மீரா ஸாஹிப்!" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடப்பக்கம், நிலையோடு ஒட்டி இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார்.

"அவனத்தான் கூப்பிடுறாங்க" என்றார். "உள்ள வரமாட்டானாம்."

"ஆரு காக்கா?"

"உடுப்பெல்லாம் நனைஞ்சுபோய் நிக்கிறான், பாருங்க. தண்ணி வடியிது."

வெளியே காற்று அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் நேர்ஸும் தட்டும்தான். ஆனால் என் கண் என்னைக் கேளாமல் தரையில் ஈரமிருக்கிறதா என்று தேடியது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமும் பயமும் சேர்ந்து வருகிறது.

"ஆரச் சொல்றீங்க?"

"மீராசாகிபுவத்தான்."

"நீங்கதானே மீராசாகிபு?"

அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் காய்ச்சல் மயக்கம் இல்லை, நல்ல தெளிவு.

"நான் ஆதம்பாவா. மீராசாகிபு என்ட தம்பி. எழுபத்தெட்டுச் சூறாவளியில தோணியோட போன. மய்யித்துக் கிடைக்கல்ல."

உடல் கிடைக்காததால் மரணத்தை யாரும் பதியவில்லை. அரசாங்கப் புத்தகத்தில் அவன் உயிரோடு இருந்தான். ஏஜென்சிக்காரன் ஆதம்பாவாவைப் பார்த்து வயது கூட, எடுக்கமாட்டார்கள் என்று சொல்லியிருக்கிறான். பிறகு வீட்டில் இளைய ஆண் யாரும் உண்டா என்று கேட்டிருக்கிறான். பெட்டிக்குள் தம்பியின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் கிடந்தது. படம் மட்டும் இவருடையது.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"ஆருக்குத் தெரியும்? ஐம்பத்தேழு வெள்ளத்துல என்ட மூத்த புள்ளயத் தொட்டிலோட தூக்கித் தோணியில வச்ச நான்தான். அப்பவே எனக்கு முப்பது இரிக்கும்."

அறுபதை நெருங்குகிற மனிதர். நாங்கள் அளந்து அளந்து ஊற்றிய மருந்து, ஆறு வருடத்துக்கு முன் கடலில் போன ஒருவனின் சிறுநீரகத்துக்கு.

"இரைச்சலுக்குள்ள அவன்ட குரல் கேக்குது தம்பி. என்ட பேரத் தா எண்டு கேக்கல்ல. கோவமும் இல்ல. காக்கா, காக்கா எண்டு மட்டும்தான் கூப்பிடுறான். இஞ்ச வந்து நீங்க முதல் நாள் காக்கா எண்டு சொன்னதும் நான் அவன்தான் எண்டு நினைச்ச."

நேர்ஸை அன்றைய ஊசியைப் போடவிடாமல் நிறுத்தினேன். டொக்டரிடம் பேசவேண்டும், அதுவரை பொறு என்றேன். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டைத் திரும்பக் கொண்டுபோனாள்.

5

எழும்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காய்ச்சல்காரனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"எழுதிப் போடாதீங்க தம்பி. வேற ஆளுட பேருல வந்த எண்டு தெரிஞ்சா என்னை மறியல்ல போட்டுட்டு அனுப்பிருவாங்க. இளைய மகள்ட வீடு லிண்டல் மட்டத்துல நிக்குது. மாப்பிள்ள வீட்டார் இனிப் பொறுக்கமாட்டாங்க."

"காது போயிரும் காக்கா. கிட்னியும் போயிரும். வயசத் தெரியாம மருந்த எப்படிக் குறைக்கிற?"

"போனாப் போகட்டும். கூரை போட்ட பொறகு போகட்டும்."

மகளுக்கு வீடில்லாமல் நம் பக்கத்தில் கலியாணம் இல்லை. இங்கே வந்து வெயிலில் வதங்குகிற நம்மவர்களில் பாதிப்பேர் யாரோ ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும்தான். அதை ஒரு எகிப்தியருக்கு எந்த மொழியில் சொல்வேன்?

மருந்தறைக்குப் போகும் வழியில்தான் யோசனை வந்தது. வயதை வைத்துப் போடுவது வெறும் மதிப்பீடு. ஒரு முழுநாள் சிறுநீரைச் சிந்தாமல் சேர்த்து அளந்தால் வயதே தேவையில்லை. சிறுநீரகம் என்ன செய்கிறதென்று அதுவே சொல்லும். அதற்குக் கடவுச்சீட்டும் வதிவிட அட்டையான இகாமாவும் கிடையாது.

டொக்டர் ஒத்துக்கொண்டார். விடை வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடவும் சம்மதித்தார். நேர்ஸ் ஒரு பெரிய போத்தலைக் கட்டிலடியில் வைத்தாள். அதில் ஒட்டியிருந்த துண்டில் கொட்டை எழுத்தில் மீராசாகிபு என்று இருந்தது. ஆதம்பாவா அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மூத்திர நஜீஸக் கட்டிலடியில வச்சிட்டு எப்படித் தொழுற தம்பி? மௌத்தானவன்ட பேரையும் அதுல ஒட்டி வச்சிரிக்காங்க."

போத்தலைக் குளியலறைக்கு மாற்றினேன். பெயரை மாற்ற முடியவில்லை. துண்டு சுவர்ப்பக்கம் போகும்படி திருப்பி வைத்தேன். அடுத்த தரம் நான் போனபோது அது வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நேர்ஸ் எடுத்து வைக்கும்போது திரும்பியிருக்கும். நான் மறுபடி திருப்பவில்லை.

விடை வந்ததும் டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். நாங்கள் நம்பியிருந்ததில் பாதிகூட இல்லை.

"இது ஒரு கிழவனின் சிறுநீரகம்" என்றார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்து ஊசியின் அளவைக் குறைத்தார், ஊசிக்கும் ஊசிக்கும் இடையிலுள்ள நேரத்தை நன்றாகத் தள்ளிவைத்தார். வயது என்ற கட்டத்தை அவர் தொடவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் துஆச் செய்கிறேன்.

6

காய்ச்சல் விட்டது. கிரியேட்டினின் ஏறிய வழியே இறங்கியது. தரை ஆடுவதும் குறைந்தது. இடது காது மந்தமாகிப் போனது, வலது காது தப்பியது. நான் மிகச் சந்தோஷமாக அவரிடம் போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"இரைச்சல் எப்படி காக்கா?"

"நிண்டுட்டு."

"நல்லம்தானே?"

"ஓம். நல்லம்தான்." போர்வை நுனியால் கண்ணைத் துடைத்தார். "இப்ப ஆரும் நினைக்கல்ல போல."

மருந்து சரியான அளவில் வேலை செய்ததற்காக ஒருவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியைவிட்டுப் போகும் நாள், பதிவு மேசைக்கு முன்னாலிருந்த வாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எழுதுவினைஞன், "மீராசாகிபு!" என்று கூப்பிட்டான். இவர் அசையவில்லை. திரும்பவும் கூப்பிட்டான். காது கேட்கவில்லையாக்கும் என்று தோளைத் தொட்டேன்.

"கேட்டது தம்பி" என்றார். "அவன் எழும்புவானா எண்டு பாத்துட்டு இரிக்கன்."

நாங்கள் இருவரும் வாங்கின் காலியான மறுகோடியைப் பார்த்தோம். பிறகு அவர் எழும்பி, "ஓம்" என்று சொல்லிக்கொண்டு மேசைக்குப் போனார்.

7

இந்தக் கதையில் இவ்வளவையும் மகளுக்குச் சொன்னேன். "காய்ச்சலும் மருந்தும் சேர்ந்து மூளை காட்டின தோற்றம் வாப்பா" என்று விளக்கினாள். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு நல்ல சொல்லும் வைத்திருந்தாள். நானும் ஓம் என்றேன். இனி வருவதை அவளுக்குச் சொல்லவில்லை.

போன விடுமுறையில் கல்முனைக்குடிக்குப் போய் அவரைப் பார்த்தேன். கூரை போட்டு, வெள்ளை அடித்து, கலியாணமும் முடிந்திருந்தது. மகள் எங்களுக்குத் தேத்தண்ணியும் தொதலும் வைத்தாள். ஆதம்பாவாக் காக்கா வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கதைத்தார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் தம்பியின் மரணத்தைப் பதியப் போயிருக்கிறார். பதிவாளர் தம்பியின் கடதாசிகளோடு இருந்த கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்திருக்கிறார்.

"ஒங்கட தம்பி சவூதியால வந்து கட்டுநாயக்காவில இறங்கினது போன மாசம்தானே, எப்படி மௌத்தெண்டு எழுதுற எண்டு கேக்குறார் தம்பி. அவன இனி மௌத்தாக்கேலாதாம்."

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வளவுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து அதைக் கொஞ்சநேரம் கேட்டார். பிறகு, மகள் உள்ளே போய்விட்டாளா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்த ஆஸ்பத்திரியில அவன்ட ரத்தம், மூத்திரம் எல்லாம் சோதிச்சீங்கதானே?"

"ஓம் காக்கா."

"கடைசியாப் பாத்தப்ப, அவனுக்கு எல்லாம் சுகம்தானே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடிக்குக் கேட்கவில்லை. பதினைந்து வருடம் மருந்து அளந்த எனக்கு, அந்தக் கேள்விக்கு எவ்வளவு சொல்லலாம் என்று எந்தக் கணக்கிலும் தெரியவில்லை.

"ஓம் காக்கா" என்றேன். "நல்ல சுகமாத்தான் இருந்தார்."